வலைத் திடலுக்குப் பெட்ரோலா, பேட்டரியா?

மாசி மகத்துக்குச் சில வாரங்கள் முன்னால், ஒரு காலை. மீஞ்சூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆபீஸை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். போன் அடித்தது. கோமதி அண்ணி.

“பாப்பா, ஒரே ஒரு கேள்வி. புல்லு வெட்ற மிஷினு... பெட்ரோலு வாங்கறதா, பேட்டரி வாங்கறதா?”

ஹலோ கிடையாது. ‘சாப்ட்டியா’ கிடையாது. நேராக விஷயம்.

“எதுக்கு அண்ணி?”

“இன்னா கேள்வி இது? சோறு வடிக்கவா? புல்லு வெட்டத்தான்.”

எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் கேள்வி என்னிடம்தான் வரும். ஃபிரிட்ஜ், ஃபேன், செல்போன்... நைனாவின் முட்டிவலித் தைலம் வரைக்கும். காரணம் சிம்பிள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், முதல் டிகிரியும் நான். படித்தது பி.காம். பி.காமுக்கும் முட்டிவலிக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் எடுத்துச் சொன்னதில்லை. தானாக வருகிற மரியாதையை யாராவது வேண்டாம் என்பார்களா?

அண்ணியின் கேள்வி சும்மா வந்த கேள்வி இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பழவேற்காட்டுப் பக்கம் எங்கள் குப்பம். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். கரையை ஒட்டி ஒரு பெரிய திடல். வலை காயப்போடுவது, கிழிசல் பார்ப்பது, வம்பு பேசுவது எல்லாம் அங்கேதான். மழைக்காலம் முடிந்ததும் பார்க்க வேண்டும்... கோரை, நெருஞ்சி, போதாததற்கு ராவணன் மீசை. தெரியாதவர்களுக்காக — அது மணலில் படரும் ஒரு புல். நுனிக்கு நுனி ஊசி. பேர் வைத்தவர் கண்டிப்பாக அதன்மேல் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். அதன்மேல் வலையை விரித்தால், முள் எடுப்பதற்குள் பாதி நாள் போய்விடும். மீதிப் பாதி, முள் கிழித்ததைத் தைக்க.

முன்பெல்லாம் ஊரே சேர்ந்து ஒருநாள் வெட்டும். இப்போது பாதிப் பேர் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார்கள். போன வருஷம் வெளியூரிலிருந்து ஒரு டிராக்டர்காரரை வரவழைத்தார்கள். அவர் புல்லோடு சேர்த்து ஓரமாகச் சுருட்டி வைத்திருந்த வலையையும் உழுதுவிட்டுப் போனார்.

இந்த வருஷம் ஊர்க்கூட்டத்தில் நாட்டார் கேட்டார். எங்கள் ஊரில் தலைவரை நாட்டார் என்போம். “திடலை யாருப்பா பாக்கறது?”

ஆண்கள் பக்கம் சத்தமே இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: “நான் பாக்கறேன்.”

அண்ணி!

அண்ணன் ஏழுமலை அப்படியே குனிந்து தன் கால் விரல்களை ஆராய ஆரம்பித்துவிட்டானாம்.

“நீயாம்மா? அருவாள வெச்சுக்கினா?” என்றார் நாட்டார்.

“மிஷின வெச்சுக்கினு.”

“மாசி மகத்துக்குள்ள முடிப்பியா? சாமி கரைக்கு வரும். ஊரே அங்கதான் குந்தும்.”

“முடிப்பேன்.”

“முடிச்சா வருசா வருசம் அந்த வேல உன்னோடது. ஊர்ப் பொதுவுல கூலி. முடிக்கலேன்னா டிராக்டரக் கூப்டுவோம். அப்பறம் கேக்கக் கூடாது.”

இதுதான் பந்தயம். அண்ணிக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று நானும் கேட்டேன். அண்ணி கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, பஸ் ஏறிப்போய் விற்பவள். கடலுக்குப் போன போட்டுகள் வெறுங்கையோடு வந்தால் அவள் கூடையும் வெறும் கூடைதான்.

“மீனு வருமா வராதான்னு யாருக்குத் தெரியும் பாப்பா? புல்லு தப்பாம வரும். அத நம்பி ஒரு வேல எனக்குன்னு இருக்கட்டுமே.”

நான் களத்தில் இறங்கினேன்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரம் முழுக்க ரிவ்யூ. யார் யாரோ, எந்தெந்த ஊர்த் தோட்டத்திலோ நின்று வெட்டிக்காட்டுகிறார்கள். எல்லாம் வழவழவென்று புல்தரை. ஒருவர் தோட்டத்திலும் ராவணன் மீசை இல்லை. இருந்தாலும் விடவில்லை. கோடு போட்டு டேபிள் போட்டேன். பெட்ரோல்: பலம் அதிகம், நாள் முழுக்க ஓடும், கரண்ட் வேண்டாம். ஆனால் கனம், சத்தம், புகை. பேட்டரி: லேசு, சத்தம் கம்மி, பட்டனை அழுத்தினால் போதும். ஆனால் சார்ஜ் சீக்கிரம் தீரும், தடிப்புல்லில் திணறும், உப்புக்காற்றில் எத்தனை நாள் உழைக்குமோ தெரியாது.

இன்னொன்றும் எழுதினேன், அடிக்கோடு போட்டு. எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த ஆண் ஒவ்வொருவனும் என்ஜின் மெக்கானிக். போட்டு என்ஜினைப் பிரித்துப் பிரித்து வளர்ந்த கைகள். பெட்ரோல் மிஷின் ரிப்பேர் ஆனால் நான்கு பேர் ஓடிவருவார்கள். பேட்டரி ரிப்பேர் ஆனால்? நான்கு பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

தீர்ப்பு: பெட்ரோல். சந்தேகமே வேண்டாம் என்றேன். ஒரு முன்ஜாக்கிரதையும் சொன்னேன். வாங்கும் முன்னால் பொன்னேரியில் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வாடகை மிஷின் வந்து இறங்கியது. என் தம்பி சேகர்தான் பைக்கில் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான், துப்பாக்கி மாதிரி. கயிற்றை ஒரே இழுப்பு. டர்ர்ர்ர்... நாய்கள் ஊரைவிட்டே ஓடின. அண்ணி, கண்ணில் தூசி படாமலிருக்கக் கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினாள்.

“இரு அண்ணி, சூடாவட்டும்” என்றான் சேகர்.

சூடாகும் வரை அவன் வெட்டினான். பிறகு அண்ணன் வெட்டினான், “அட்ஜஸ்ட்மென்ட் சரியா கீதான்னு பாக்கறேன்” என்று. பிறகு அண்ணனின் கூட்டாளி. பிறகு கூட்டாளியின் மச்சான். ஏன், முட்டிவலி நைனாவே ஒரு கை பார்த்தார்! கூட்டத்தில் எல்லோரும் ஆராய்ச்சிக் கண்ணோடு நிற்க, அண்ணி மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கல்யாண வீட்டில் இலை கிடைக்காதவள் போல ஓரமாக நின்றாள்.

கடைசியில் அவள் கைக்கு வந்தபோது நைலான் நரம்பு தீர்ந்திருந்தது. அந்த மிஷினில் பிளேடு கிடையாது, சுழலும் நரம்புதான் புல்லை வெட்டும். மாற்று நரம்பு வாங்கப் பொன்னேரி போக வேண்டும்.

“நரம்புக்கா பொன்னேரி போவாங்க? நம்ம ஊர்ல இல்லாத நரம்பா?” என்று சிரித்தான் சேகர். வீட்டுக்கு ஓடினான். தூண்டில் நரம்போடு வந்தான். “வஞ்சிரத்தையே இழுக்கற நரம்பு இது. புல்லு இன்னா வஞ்சிரத்த விட முரடா?”

கேட்பவர்களுக்கு நியாயமாகத்தான் படும். எனக்கும் பட்டது. அதனால் நானும் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் ஜோராக ஓடியது. அப்புறம் தீய்ந்த வாசனை. நின்றது. திறந்து பார்த்தால், உள்ளே சுற்றி வைத்த நரம்பு மொத்தமும் உருகி ஒரே உருண்டை. தூண்டில் நரம்புக்கு இழுக்கத்தான் தெரியும், சூட்டில் சுழலத் தெரியாது. அந்த உருண்டையை நெம்பி எடுக்க நான்கு மெக்கானிக்குகளும் சாயங்காலம் வரை போராடினார்கள். அன்றைக்கு வேலை குளோஸ்.

இது முதல் நாள். போனால் போகிறது. நிஜமான கூத்து திங்கட்கிழமை.

மிஷினுக்கான நரம்பையே வாங்கிப் பூட்டி, டேங்கை நிரப்பி, மிஷினை வாசலில் சாய்த்து வைத்திருந்தாள் அண்ணி. காலையில் கயிற்றை இழுக்கிறாள், இழுக்கிறாள்... சத்தமே இல்லை. மூடியைத் திறந்தால் டேங்க் காலி.

யார் எடுத்தது? ஒளிவுமறைவே இல்லை. விடிவதற்கு முன் கடலுக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரர்தான். திரும்பி வந்ததும் அவரே சொன்னார், “கோமதி, உன் மிஷின்லேர்ந்து கொஞ்சம் எடுத்துக்கினேன்மா.”

இதில் திருட்டு எதுவும் இல்லை. எங்கள் பக்கத்துப் போட்டு என்ஜின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஆனால் கிளப்ப மட்டும் கொஞ்சம் பெட்ரோல் வேண்டும். இருட்டோடு கிளம்புகிற நேரத்தில் அந்தக் கொஞ்சம் இல்லாமல் போகும். அப்போது எதிரில் எந்த வண்டி நிற்கிறதோ அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கடலுக்குப் போகிற போட்டுக்கு எண்ணெய் இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. இது எழுதாத சட்டம். நல்ல சட்டமும்கூட. நாளைக்கு நடுக்கடலில் உங்கள் என்ஜின் நின்றால், கயிறு போட்டு இழுத்து வரப்போவது அந்த மனுஷன்தானே?

செவ்வாய்க்கிழமை இன்னொருவர். மறுபடி காலி. புதன்கிழமை பெட்ரோல் இருந்தது, பிளக்கைக் காணோம். சேகர்தான். தன் என்ஜினுக்குப் பொருந்துமா என்று கழற்றிப் பார்த்தானாம். பொருந்தவில்லை. திரும்ப மாட்ட மறந்துவிட்டான். பிளக் அவன் சட்டைப் பையில், சட்டை கடலில்.

கிழமைகள் ஓடின. திடலில் வெட்டியது ஒரு மூலை. அந்த மூலையையும் ஆண்கள்தான் வெட்டியிருந்தார்கள். டீக்கடையில் பேச்சு மாறிவிட்டது. “ஏழுமலை மிஷினு எப்டிப்பா ஓடுது?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கவனித்தீர்களா? ஏழுமலை மிஷின்!

வியாழக்கிழமை அண்ணி போன் செய்தாள்.

“பாப்பா, இத திருப்பிக் குடுத்துட்டு பேட்டரி வாங்கப் போறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மதியச் சாப்பாட்டைத் தியாகம் செய்து போட்ட டேபிள் இல்லையா? பலம் பத்தாது அண்ணி, சார்ஜ் நிக்காது அண்ணி, ரிப்பேர் பார்க்க ஆளில்லை அண்ணி என்று வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“எல்லாம் சரி. நான் ஒண்ணு கேக்கறேன். பேட்டரிய வெச்சு எந்தப் போட்டாவது கெளம்புமா?”

“கிளம்பாது.”

“பைக்கு?”

“அதுவும் ஓடாது அண்ணி.”

“அப்ப அதான் வேணும். எவனுக்கும் ஒதவாதது எதுவோ, அதான் எனக்கு ஒதவும்.”

என் டேபிள் இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். பலத்தில் பெட்ரோல்தான் ராஜா. ஆனால் எங்கள் கரையில் பெட்ரோல் நிரப்பிய எந்தப் பொருளும் தனி ஆளின் பொருள் கிடையாது. ஊர்ச் சொத்து. அதிலும் டர்ர் என்று சத்தம் போடுகிற பொருள், தானாக ஆண்களின் சொத்து. இதைப் பொன்னேரிக் கடைக்காரர் சொல்லமாட்டார். ரிவ்யூக்காரரும் சொல்லமாட்டார். கூடவே வளர்ந்த எனக்கே தோன்றவில்லையே!

பேட்டரி மிஷின் வந்தது. கூட ஒரு உபரி பேட்டரியும் — அது என் யோசனை, குறித்துக்கொள்ளுங்கள். திடலில் ஆண்கள் கூடினார்கள். அண்ணி பட்டனை அழுத்தினாள். ஒரு மெல்லிய ரீங்காரம். அவ்வளவுதான்.

“இன்னா அண்ணி, முடி வெட்ற மிஷினா?” என்றான் சேகர்.

“ஆமா, உக்காரு. உனக்குத்தான் மொதல்ல.”

சிரித்துவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். இழுக்கக் கயிறு இல்லை, கழற்ற பிளக் இல்லை, முகர்ந்துபார்க்கப் புகை இல்லை. அவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது? முதல் தடவையாக அண்ணி தனியாக நின்று வெட்டினாள்.

சுலபமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். கோரை வழிவிட்டது. நெருஞ்சி பறந்து வந்து காலில் குத்தியது. புடவையைத் தூக்கிச் செருகி, உள்ளே அண்ணனின் பழைய பேன்ட்டை மாட்டிக்கொண்டாள், ஊர் சிரித்தது, சிரிக்கட்டும். ராவணன் மீசையில் மிஷின் மூச்சு வாங்கியது. அதை முதலில் அரிவாளால் தளர்த்திவிட்டு, பிறகு மிஷினை விட்டாள். கரையோரத்து அடம்பங்கொடியை மட்டும் தொடவில்லை, மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஒரு பேட்டரி தீர்ந்தால் வீட்டில் சார்ஜ், அதற்குள் அடுத்த பேட்டரி. போட்டு வந்து ஏலம் கூவினால் காதில் விழும். மிஷினை வைத்துவிட்டு ஓடுவாள், கூடையை எடுப்பாள், பேட்டரியை மறக்காமல் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வாள். பேட்டரி இல்லாத மிஷினை யார் எடுத்துப் போய் என்ன செய்வது?

இப்படியே திடலில் முக்கால்வாசி முடிந்துவிட்டது. மாசி மகத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. அப்போது போனது கரண்ட்.

லைன் வேலையாம். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வரும், இரண்டு மூன்று நாளைக்கு இப்படித்தான் என்றார்கள். பொழுது சாய்ந்தபிறகும் விட்டு விட்டுத்தான் வந்தது. இரண்டு பேட்டரியும் காலி. மிச்சம் இருந்த மூலையில்தான் ராவணன் மீசை அடர்த்தி.

சேகர் வந்தான். கெட்ட எண்ணம் கிடையாது, பாசக்காரப் பிள்ளை. “அண்ணி, அந்த பெட்ரோல் மிஷினையே மறுபடி வாடகைக்கு எடுத்தாரேன். ஒரு மணி நேரத்துல நானே அடிச்சுத் தள்ளிடறேன். நீ குந்திக்கினு பாரு.”

நியாயமான உதவி. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவன் முடித்தால் அது யார் முடித்த வேலை? அடுத்த வருஷம் நாட்டார் யாரைக் கூப்பிடுவார்?

“வேணாம்டா தம்பி. வெட்றதுக்கு ஆள் கீது. கரண்டுதான் இல்ல.”

மறுநாள் காலை. நான் ஆபீசுக்குக் கிளம்பி பஸ்ஸுக்கு நிற்கிறேன். அண்ணன் பைக்கில் வந்தான். கூட்டத்தில் கால் விரலை ஆராய்ந்த அதே அண்ணன். மடியில் துண்டு சுற்றிய இரண்டு மூட்டை. பிறந்த குழந்தையைக் கொடுப்பதுபோல என் கையில் கொடுத்தான்.

“உங்க ஆபீஸ்ல கரண்ட் இருக்குமில்ல? அவ கேக்கச் சொன்னா.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான், “தண்ணி படாம பாத்துக்கோ. பாவம், ராவெல்லாம் தூங்கல அவ.”

காட்டூர் தாண்டும் வரை நெரிசலில் நின்றுகொண்டே, இரண்டு பேட்டரியையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். மேனேஜரிடம் பர்மிஷன் கேட்டேன்.

“என்னம்மா இது? போட்டுக்கா?”

“இல்ல சார், புல்லுக்கு.”

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு ‘சரி’ என்றார். என் மேஜைக்கு அடியில் சார்ஜர்களின் இரண்டு பச்சை விளக்கும் மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தன. அன்றைக்கு இன்வாய்ஸ் போட்டதைவிட அதைக் குனிந்து பார்த்ததுதான் அதிகம். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். ஆபீஸ், நாற்காலி, ஐ.டி. கார்டு எல்லாம் வாங்கினேன். ஆனால் அன்று பஸ்ஸில் கனத்த பையோடு திரும்பும்போது வந்த பெருமை இருக்கிறதே... பட்டமளிப்பு விழாவில்கூட வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

அடுத்த நாளும் அப்படியே கொண்டுபோனேன், கொண்டுவந்தேன். மாசி மகத்துக்கு முந்தைய நாள் காலை, வெயில் ஏறுவதற்குள் கடைசி மூலை முடிந்தது.

நாட்டார் வந்தார். பார்வையிடுவது என்றால் எங்கள் ஊரில் கண்ணால் பார்ப்பது இல்லை. ஒரு வலையை எடுத்து, திடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுப்பார்கள். முள் இருந்தால் வலை சொல்லிவிடும். ஒரு முனையை அண்ணன் பிடித்தான், மறுமுனையை சேகர். ஊர் மொத்தமும் ஓரத்தில். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வலை சரசரவென்று நகர்ந்தது. பாதித் திடல். முக்கால் திடல்...

டக். மாட்டிக்கொண்டது.

நாட்டார் மெதுவாக நடந்து போனார். குனிந்தார். வலையிலிருந்து எதையோ பிரித்து எடுத்துத் தூக்கிக் காட்டினார். நெளிந்துபோன ஒரு பாட்டில் மூடி.

“ஏம்மா கோமதி, இது மொளைச்சதா, போட்டதா?”

“போட்டது!” என்று கத்தினார்கள் பெண்கள், ஒரே குரலில்.

“அப்ப போட்டவன் வந்து பொறுக்கட்டும். இழுங்கடா.”

வலை அந்தக் கோடி வரை போய்ச் சேர்ந்தது. நாட்டார் அதைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தார். கையை உதறினார். “அடுத்த மழைக்கும் கோமதியே பாத்துக்கட்டும்.” அவ்வளவுதான். பாராட்டெல்லாம் எங்கள் நாட்டார் பழக்கத்தில் கிடையாது. அண்ணி அதற்கும் சேர்த்து, தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்... சாமி கரைக்கு ஒருநாள் முன்னாலேயே வந்துவிட்டது.

மாசி மகத்தன்று திடல் நிறையக் கூட்டம். பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் சிலர் அண்ணியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் ஊரிலும் வலைத் திடல் இருக்கிறது, அங்கேயும் ராவணனுக்கு மீசை வளர்கிறது. “எந்த மிஷினு வாங்கலாம்க்கா? பெட்ரோலா, பேட்டரியா?”

ஆலோசகர் பக்கத்திலேயே நிற்கிறேன், தொண்டையைச் செருமிக்கொண்டு. அண்ணி என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“அத அப்பறம் சொல்றேன். மொதல்ல நீ சொல்லு... உன் வூட்ல எத்தினி கொழுந்தனுங்க?”

நீங்களும் எது வாங்கப் போனாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப்பாருங்கள். கடைக்காரர் திருதிருவென்று முழிப்பார்; கூட வந்த பெண்கள் பொங்கிச் சிரிப்பார்கள்.